கதவில் செருகிய தாள்

பிழை இலக்கம் ஆறு என்றது அடுப்பு.
சிவப்பில் அதைச் சொல்லிவிட்டு ஊதுவதை நிறுத்திக்கொண்டது.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
லா பிரெவினில் இது செய்தியல்ல,
பாண் வாங்க வருகிறவர்கள்கூடச் சொல்லிக்கொள்வதில்லை.

கையேடு முதலில் இத்தாலியம், பிறகு பிரெஞ்சு.
ஆறு என்றால் ‘பற்றவில்லை’ என்று போட்டிருந்தது.
அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

தவபாலனுக்கு இரவு வேலை.
போனில் சொன்னார்: ‘நிப்பாட்டித் திரும்பப் போடும்.’
போட்டேன்.
திருகுதண்டு உறுமியது.
பத்துப் பதினைந்து பெலட் சட்டிக்குள் விழுந்தன,
யாரோ கொறித்துத் துப்பினதுபோல.
கால் மணி நேரம் குந்தியிருந்தேன்.
புகைகூட இல்லை.

சட்டியைக் கழற்றினால்
பாதித் துளைகளைக் காணவில்லை,
சாம்பல் உருகிக் கறுப்புக் கண்ணாடியாய் இறுகிக் கிடந்தது.
பகல் முழுக்க லு லோக்கிலில்
மணிக்கூட்டுப் பற்சக்கரங்களுக்கு எண்ணெய் வைக்கிற கை இது.
துளி கொஞ்சம் பெருத்தால்
லென்சுக்கு மேலால் ஒரு புருவம் உயரும்.
பின்னலூசியை எடுத்து ஒவ்வொரு துளையாய்த் திறந்தேன்.
முப்பத்தியொன்று.
எண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

பிறகு மூட்டை.
மலிவென்று எல்லை தாண்டி மோர்த்தோவில் வாங்கிப்
பலகைகூடப் போடாமல்
கராஜின் சீமெந்தில் அடுக்கியது நாங்கள்தான்.
அடிமூட்டை ஈரம் குடித்திருந்தது.
விரலால் நசிக்கப் புட்டுமாவாய் உதிர்ந்தது.
பக்கத்து வீட்டுப் பெரெனூவுக்கு விறகு மட்டும்தான் விறகு,
எங்களுடையதை முயல் தீனி என்பார்.
அந்த மூட்டையை ஒரு முயலும் தொட்டிராது.

தொட்டியை வழித்து, தூளை உறிஞ்சி,
மேல்மூட்டையிலிருந்து கொட்டினேன்.
பற்றியது.
ஆனால் என்ன சுடர் அது!
மஞ்சளாய், சோம்பலாய், வெறிகாரன்போல ஆடிக்கொண்டு.
அரை மணிக்குள் கண்ணாடி முழுக்கக் கரி.
நச்சுவாயு மணி மட்டும்
சுவரில் பச்சையாய்க் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.
காற்று எங்கோ களவாய் நுழைகிறது,
நுழைய வேண்டிய இடத்தால் நுழையவில்லை.

அணைத்து, ஆறவிட்டு,
கதவில் ஒரு தாளைச் செருகிப் பூட்டி
இழுத்துப் பார்க்கச் சொல்கிறது கையேடு.
தாளுக்கு எங்கே போவேன்?
குளிர்பெட்டியில் அகரன் கீறிய பச்சை மாடு,
அதைத் தொட மனம் வரவில்லை.
அதன் பக்கத்தில் கம்யூனின் கடிதம்:
குடியுரிமை நேர்காணல், வியாழன் மாலை ஏழு மணி,
தம்பதியாக வரவும்.
நல்ல தடித்த தாள்.

மேல் விளிம்பு பிடித்துக்கொண்டது.
கைபிடிப் பக்கம் பிடித்துக்கொண்டது.
கீழ்ப்பக்கமும் விடவில்லை.
கீலோடு கீழ் மூலையில் மட்டும்
வெண்ணெயில் மயிர் உருவினதுபோல வந்தது.
டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
சுற்றுக்கயிறு அரைவிரல் நீளம் கழன்று,
சப்பையாகி, வேலையைவிட்டு ஒதுங்கியிருந்தது.

முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன
சூடு தாங்கும் பசை அரைக் குழாய் இருந்தது.
ஒட்டினேன்.
காய மூன்று மணி நேரம்.
மகனைக் கட்டிலிலிருந்து தூக்கிவந்து
சோபாவில் இரண்டு ஜக்கெட்டுகளுக்குள் படுத்தோம்.
தூக்கம் வரவில்லை.
பாடமாக்கியதைச் சொல்லிப் பார்த்தேன்:
ஆரூஸ், தூப்ஸ்,
ஏழு கவுன்சிலர்கள், இருபத்தாறு மாகாணங்கள்,
குப்பைப் பையின் சரியான நிறம்.
என் மூச்சு வீட்டுக்குள்ளேயே வெள்ளையாய்த் தெரிந்தது.

ஐந்து மணிக்குத் திரும்பவும் போட்டேன்.
இம்முறை சுடர் வெளிறி, நிமிர்ந்து,
அவசரப்பட்டு எரிந்தது.
பெரெனூ பனி தள்ளிக்கொண்டு நின்றார்.
எங்கள் குழாயைப் பார்த்தார்.
‘முயல்கள் எழும்பிவிட்டனவா, மதாம்?’
‘ஓம்,’ என்றேன் தமிழிலேயே,
களைப்பில்.
அவர் தலையாட்டினார், ஏதோ விளங்கினவர்போல.

தவபாலன் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே
கையை அடுப்புக்கு நீட்டினார்.
‘என்ன பிழை?’
எங்கே தொடங்குவது என்று யோசித்தேன்.
தேநீர் வைத்தேன்.

கடிதத்தில் ‘வியாழன்’ மேலால் ஒரு கரிக்கோடு.
அழிறப்பரால் தேய்த்தேன்,
கோடு இன்னும் அகன்றது.
விட்டுவிட்டேன்.
இதையேதான் கொண்டுபோக வேண்டும்,
மூலப்பிரதி கட்டாயம் என்று போட்டிருக்கிறது.